கரிசலிலிருந்து கடல் கடந்து படிக்கப் போகிறவர்களுக்கு

கோவில்பட்டியிலிருந்து வெளியூர் போவது நமக்குப் புதிதில்லை. மழை பொய்த்த வருஷங்களில் சிவகாசிக்கும் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போன ஊர் இது. அவர்கள் பிழைக்கப் போனார்கள். சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ படிக்கப் போகிறாய். உனக்கு வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய.

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலைப் பக்கத்துப் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் மணிலாவுக்கும் கிளம்பும்போது அவர்களுடைய காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். போன பிறகு அகால நேரத்தில் வரும் போன்களையும் கேட்டிருக்கிறேன். அதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: அங்கே பெரிய ஆபத்து வந்து பிள்ளைகளைக் கவிழ்ப்பது அபூர்வம். கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு சின்ன விதி, வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்த ஒரு சின்னக் கஷ்டம், இந்த இரண்டும்தான் வளர்ந்து ஆளைச் சாய்க்கின்றன. கீழே இருப்பதெல்லாம் இந்த இரண்டைப் பற்றித்தான். என்னிடம் அதிகம் விசாரிக்கப்படும் நாடு ஜெர்மனி என்பதால் உதாரணங்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். எண்கள் அவ்வப்போது மாறும். கிளம்புமுன் அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருதரம் பார்த்துக்கொள்.

1. கடனைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடு.

கல்விக்கடனில் 7.5 லட்சம் ரூபாய் வரை வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் பெரும்பாலும் கேட்கும். நம் ஊர்ச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அப்பாவிடம் கரிசல் காடு இருக்கும். விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஈடாக எடுப்பதில்லை. வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். வீடு தாத்தா பெயரில் இருக்கும். பெரியப்பா, அத்தை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிவரும். இந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும். எனவே விண்ணப்பம் போடும்போதே பத்திரத்தையும் எடுத்துப் பார். கடைசி வாரத்தில் கந்துவட்டிக்குக் கைநீட்டிய குடும்பம் எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

20 லட்சம் வாங்குகிறாய், வட்டி நூற்றுக்குப் பத்து என்று வை. படிப்பு இரண்டு வருஷம். அதன்பின் ஒரு வருஷம் அவகாசம். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டுமே 6 லட்சம் நிற்கும். அவகாசம் உனக்குத்தான், வட்டிக்கு இல்லை. மானாவாரியில் விதைக்கிற சம்சாரி மழை பெய்யும் என்று நம்பித்தான் விதைக்கிறான்; ஆனாலும் பெய்யாத வருஷத்துக்கென்று குலுக்கையில் கொஞ்சம் கம்பு வைத்திருக்கிறான். வேலை கிடைக்க ஒரு வருஷம் தாமதமானாலும் தாங்குகிற கணக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பு.

உதவித்தொகையை விசாரிக்காமல் கடனுக்குப் போகாதே. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கும், சீர்மரபினருக்கும், நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் உண்டு. ஜெர்மனிக்கு டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு நேரடியாக உதவித்தொகை தருகிறது.

2. ஏஜென்ட் சொல்வதைக் கேள். கையெழுத்தை நீ படித்துவிட்டுப் போடு.

எல்லா ஏஜென்டும் மோசமில்லை. ஆனால் பலருக்குக் கமிஷன் தருவது தனியார் கல்லூரிகள். கமிஷன் தராத நல்ல அரசுப் பல்கலைக்கழகத்தை அவர் உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது. விதிவிலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள்; மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. இந்த விவரமெல்லாம் டாட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்புக்கான ஏபிஎஸ் சான்று 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். அதற்கு நீயே விண்ணப்பிக்கலாம்.

2023இல் கனடாவில் நடந்ததை மறக்காதே. ஏஜென்ட் கொடுத்த சேர்க்கைக் கடிதமே போலி என்று வருஷங்கள் கழித்துத் தெரியவந்தது. படிப்பை முடித்து வேலைக்குப் போன இந்திய மாணவர்கள்கூட நாடு கடத்தப்படும் பயத்தில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் பல்கலைக்கழகத்தின் முகவரிக்கு நீயே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இது உங்களுடையதா என்று கேள். ஐந்து நிமிஷ வேலை.

3. மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் திரும்பும் வழியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நீட் தேறாமல் வெளிநாட்டில் மருத்துவம் படித்தால் இங்கே டாக்டராகப் பதிய முடியாது. 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். திரும்பி வந்தால் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு: 300 கேள்வி, தேற 150 மதிப்பெண். இதில் தடுமாறி வருஷக்கணக்கில் பயிற்சி மையங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன், ஆணையத்தின் அந்த மூன்று விதிக்கும் அந்தக் கல்லூரி பொருந்துகிறதா என்று கேள்.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் குண்டு விழுந்தபோது அங்கிருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். ஆபரேஷன் கங்கா விமானங்கள் அவர்களைப் போலந்து, ருமேனியா, ஹங்கேரி நாடுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தன. எல்லை வரைக்கும் தாங்களே போய்ச் சேர வேண்டியிருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் வாரமே இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்திலும் பதிந்து வை. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே.

4. பெட்டியில் ஊரைத் திணிக்காதே.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தல், சுக்கு, சின்னக் குக்கர் போதும். நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கறி உப்புக்கண்டம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருள் கொண்டுவரத் தடை. ஆஸ்திரேலியாவில் இன்னும் கடுமை: சாப்பாட்டுச் சாமான் எதையும் அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம். தீப்பெட்டி ஊர்க்காரன் என்பதற்காகப் பெட்டிக்குள் தீப்பெட்டி வைத்துவிடாதே, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கடலைமிட்டாய் கொண்டுபோ. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் சரக்கு; ஒன்றும் பேசாமலே நாலு பேரைச் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் வகுப்பில் யாருக்கும் நீட்டுமுன் கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடு. நம் ஊரில் யாரும் கேள்விப்படாத விஷயம் இது. அங்கே ஒரு துண்டு கடலை ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவன் இரண்டு ஜோடி செய்துகொள். பல்லை இங்கேயே காட்டிச் சரிபண்ணிவிடு. அங்கே பல் வைத்தியம் விலை அதிகம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைக்கு ஆங்கிலத்தில் டாக்டர் சீட்டு வாங்கு. குளிருக்கு உடுப்பு இங்கே வாங்கிக் காசை விரயம் பண்ணாதே. நம் கடைக்காரர் காட்டும் கம்பளி ஊட்டிக் குளிருக்கானது. போய் இறங்குமட்டும் ஒன்று இருந்தால் போதும்.

5. முதல் இரண்டு வாரம் ஆபீஸ் ஆபீஸாக ஏறு. சுற்றிப் பார்ப்பது அப்புறம்.

ஜெர்மனியில் வீட்டுக்குக் குடிபோனதும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். இரண்டு வார அவகாசம். வீட்டுக்காரர் எழுதித் தரும் உறுதிச் சீட்டு இல்லாமல் பதிய மாட்டார்கள். அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையும் நகராது. அனுமதி அட்டைக்கு அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே மாதங்கள் ஆகும் நகரங்கள் உண்டு. விசா முடியுமுன் விண்ணப்பித்ததற்கான அத்தாட்சி கையில் இருக்க வேண்டும்.

முடக்கக் கணக்கு என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பாய். 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ அதில் போட்டு விசாவுக்குக் காட்ட வேண்டும். அது கட்டணம் இல்லை, உன் சாப்பாட்டுக் காசு. மாதம் 992 யூரோவாக உனக்கே திரும்பி வரும். அங்கே போய்க் கணக்கை இயக்கிய பிறகுதான் வரும் என்பதால் முதல் மாதத்துக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்.

இன்னொன்று. அங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்து மட்டும் கடிதம் போட மாட்டார். தபால் பெட்டியில் உன் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். அரசு அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் இன்னும் காகிதத்தில்தான் எழுதுகின்றன, பதிலுக்குக் கெடு வைத்து. பெயர் ஒட்டாத பெட்டியால் கெடு தவறி, அபராதம் வந்து, அந்த அபராதக் கடிதமும் கைக்கு வராமல் தவித்த பையனை எனக்குத் தெரியும். முதல் நாளே ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டு.

6. வீடு பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே. குடிபோன வீட்டின் வழக்கத்தை மீறாதே.

"நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். ஜெர்மன் சட்டப்படி முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. மாணவர் விடுதிக்கு, சேர்க்கை கிடைத்த அன்றே பெயர் கொடுத்து வை; வரிசை நீளம்.

ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அமைதி. கடைகளும் பூட்டிக் கிடக்கும், சனிக்கிழமையே பால் வாங்கி வை. குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், மக்குவது என்று பிரித்துப் போடு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறியாதே, கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். குளிர்காலத்திலும் தினமும் ஜன்னலைக் கொஞ்ச நேரம் அகலத் திறந்து விடு. திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அந்தச் செலவு உன் முன்பணத்தில் கழியும்.

வத்தல் மிளகாயைத் தாளிக்கும்போது அறைக் கதவைச் சாத்து, ஜன்னலைத் திற. கமறலில் புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் கட்டடமே இறங்கி வாசலில் நிற்கும். தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் சில இடங்களில் அந்தச் செலவும் உன் தலையில்தான்.

7. சமைக்கத் தெரியாமல் போகாதே.

1914 ஏப்ரலில் லண்டன் போய் இறங்கிய ராமானுஜன் கேம்பிரிட்ஜில் தனக்குத் தானே சமைத்துக்கொண்டார். கொஞ்ச மாதத்தில் உலகப்போர் வந்தது. சைவச் சாமான்கள் அரிதாயின. கணக்கில் மூழ்கி நேரம் தவறிச் சாப்பிட்டார். 1917இல் படுக்கையில் விழுந்து, அதன்பின் ஆரோக்கிய நிலையங்களிலேயே பெரும்பொழுது கழிந்தது. நோய்க்குக் காரணம் பல இருக்கலாம்; சாப்பாடு அதைத் தடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

உனக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஜெர்மன் மளிகைக் கடையில் சிவப்புப் பருப்பு இருக்கிறது, அரிசி இருக்கிறது, ஹிர்சே என்ற பெயரில் சிறுதானியம் இருக்கிறது. கம்பங்கஞ்சி குடித்து வளர்ந்தவனுக்கு அது போதும். மத்தியானம் பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர் விலைக்குச் சாப்பிடு. சோறு, ரசம், ஒரு பருப்பு, ஒரு முட்டைக் குழம்பு அம்மாவிடம் நின்று கற்றுக்கொள். தம்பிகளுக்குத்தான் சொல்கிறேன், அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் வளர்ந்தது நீங்கள்தான்.

8. தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதே.

ராமானுஜன் கதையிலேயே இன்னொன்று. கேம்பிரிட்ஜில் ராத்திரியெல்லாம் குளிரில் நடுங்கி மேல்கோட்டோடு படுத்தார். கம்பளி இல்லையா என்று பார்க்க உடன் படித்த மகலனோபிஸ் அறைக்குள் போனார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன, ஓரம் மடித்துச் செருகி, மேலே விரிப்புப் போட்டு. அதை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது; அவர் விரிப்பின் மேலேயே படுத்திருந்தார். அவ்வளவு பெரிய மூளைக்கே ஒரு கட்டில் விளங்கவில்லை. உனக்குத் துணி துவைக்கும் இயந்திரம் விளங்கவில்லை என்றால் அதில் வெட்கம் என்ன இருக்கிறது? முதல் வாரத்தில் கேட்டால் சொல்லித் தருவார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்கத்தான் கூச்சமாக இருக்கும்.

9. வகுப்பில் வருகைப்பதிவு இல்லை என்பதை விடுமுறை என்று எண்ணாதே.

பல பாடங்களில் யாரும் பெயர் கூப்பிட மாட்டார்கள். அரையாண்டு முழுக்கக் கேட்க ஆள் இருக்காது. கடைசியில் ஒரே தேர்வு. ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேறும் எல்லை, 5.0 தோல்வி. ஒரே பாடத்தைப் பெரும்பாலும் மூன்று தரம்தான் எழுத விடுவார்கள். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. நம் அரியர் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. தேர்வுக்கு நீயே பதிய வேண்டும். பதியும் தேதி தவறினால் ஹாலுக்குள் விட மாட்டார்கள்.

அடுத்தவர் எழுதியதைச் சொல்லாமல் எடுத்துப் போட்டால் திருட்டு. நோட்ஸைப் பார்த்து அப்படியே எழுதும் பழக்கம் நமக்குப் பள்ளியிலிருந்தே உண்டு. அதை விட்டொழி. பேராசிரியர் சொன்னது தப்பாகப் பட்டால் கை தூக்கிக் கேள். கேள்வி கேட்டதற்காக அங்கே இன்டர்னல் மார்க் குறையாது.

10. மொழியை இங்கிருந்தே கற்றுக்கொண்டு போ.

படிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம். ரொட்டிக் கடை ஜெர்மனில் இருக்கும். சென்னை கோத்தே நிலையத்திலோ ஆன்லைனிலோ இரண்டு நிலையாவது முடித்துவிட்டுக் கிளம்பு. போன பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றவர்களில் பலர் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் நின்றது மொழியால்தான்.

ஆங்கிலத்தில் நம் ஊர் வாசம் அடிக்கிறதே என்று குன்றிப்போகாதே. கி. ராஜநாராயணன், பூமணி, சோ. தர்மன் மூவரும் இந்தக் கோவில்பட்டி வட்டாரத்துப் பேச்சை எழுதித்தான் 1991, 2014, 2019 என்று சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்கள். நிதானமாக, திருத்தமாகப் பேசு. வாசம் இருந்துவிட்டுப் போகட்டும்.

11. வேலை பார், விதிக்குள் பார்.

ஜெர்மனியில் மாணவர் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். பிரிட்டனில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி, ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணி, கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி. பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலை பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வரும். நண்பனின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது இரட்டைக் குற்றம்.

கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுக்கும் முதலாளி தமிழனாகவே இருந்தாலும் வேண்டாம். சம்பளம் தராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வாய்? பிடிபட்டால் அவருக்கு அபராதம், உனக்கு விசா போகும். கூலி வேலை எதுவும் கேவலமில்லை. தட்டுக் கழுவலாம், கிடங்கில் பெட்டி தூக்கலாம். ஆனால் அது உன் செலவைத் தாங்கத்தான். அதை வைத்துக் கடனை அடைக்க நினைத்தவர்கள் படிப்பைக் கோட்டை விட்டார்கள்.

12. சாதிக் கயிற்றை இங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போ.

நம் தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் கேவலம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. அங்கே போயும் அறை பார்க்கும்போது "நீங்க எந்த ஊரு, அதுல எந்தத் தெரு" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதே, நீயும் கேட்காதே. காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி காய்ச்சித் தருகிறவன் எந்தத் தெரு என்று உனக்கு எதற்கு?

நைஜீரியாக்காரரோடும் வியட்நாம்காரரோடும் சேர்ந்து சமை. தமிழர்களோடு மட்டும் சுற்றிவிட்டு வந்தால் கோவில்பட்டியிலிருந்து நீ கிளம்பவே இல்லை என்று பொருள்.

13. ஊர் சுற்று; தலையோடு சுற்று.

கோவில்பட்டியிலிருந்து கோபன்ஹேகன் வரை சுற்றிப் பார்க்கும் ஆசை தப்பில்லை. கோட்டையூர்க்காரரான ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார்; படித்த கையோடு உலகத்தைச் சுற்றிக் காந்தியின் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு வயது 19. வெண்குறுமீன் எனப்படும் நட்சத்திரங்களின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற கணக்கை அவர் போட்டது அந்தக் கப்பலில். பயணம் படிப்பைக் கெடுக்காது, நீ கெடுக்காவிட்டால்.

ஜெர்மன் அனுமதி அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். ஜெர்மனியில் ரயிலிலோ பஸ்ஸிலோ டிக்கெட் இல்லாமல் ஏறினால் 60 யூரோ அபராதம்; தெரியாது என்ற சொல் எடுபடாது. கம்மாயிலும் கிணற்றிலும் குதித்து நீச்சல் பழகியவன் என்ற தைரியத்தில் அங்குள்ள ஏரியில் குதிக்காதே. கோடையிலும் தண்ணீர் அடியில் உறைகுளிர். உடம்பு அதிர்ந்து மூச்சுத் திணறும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் இறந்திருக்கிறார்கள். உறைந்த ஏரிமேல் நடக்காதே. அவசர எண் 112, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க. தங்கச்சி, தனியாகப் போகும்போது எங்கே இருக்கிறாய் என்பதை ஒரு தோழிக்காவது அனுப்பிவிட்டுப் போ.

14. கஷ்டத்தைச் சொல்.

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதுதான் முக்கியம் என்பது. டிசம்பரில் ஜெர்மனியில் சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிவிடும். வருஷம் முழுக்க வெயிலைத் திட்டி வளர்ந்தவனுக்கு அந்த இருட்டு என்ன செய்யும் என்று முன்கூட்டித் தெரியாது. தூக்கம் கெடும், எழுந்திருக்கப் பிடிக்காது, வகுப்புக்குப் போகப் பிடிக்காது. அது சோம்பேறித்தனமில்லை. பகலில் வெளிச்சம் இருக்கும்போது வெளியே நட. பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் சொற்பக் கட்டணத்துக்குச் சேரலாம். நம் ஊர் ஹாக்கி ஊர், 2023 உலகக் கோப்பையை வென்றவர்கள் ஜெர்மானியர்கள், மட்டையை எடுத்துக்கொண்டு போனால் மொழி தெரியாமலே ஆள் கிடைப்பார்கள். மனம் கனத்தால் மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசகரைப் பார். பெரும்பாலும் இலவசம், வெளியே சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்குப் பொய் சொல்லாதே. ஒரு பாடத்தில் தோற்றதை மறைக்க ஒரு பொய், அதை மறைக்க இன்னொன்று என்று போய், படிப்பே நின்றுவிட்ட பிறகும் தினமும் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு. அம்மா அப்பாவுக்கு ஜெர்மன் தேர்வுமுறை விளங்காது. "தோத்துட்டேன், திரும்ப எழுதணும்" என்பது விளங்கும். திட்டுவார்கள். திட்டட்டும். மழை ஏமாற்றியதை வருஷா வருஷம் தாங்கியவர்கள் உன் ஒரு தேர்வைத் தாங்குவார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. போன மாதமே "எப்பய்யா பணம் அனுப்புவ?" என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் கார் முன்னால் நின்று எடுத்த படத்தைக் காட்டாதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், அதற்கு அடுத்தபடியாக "படிப்பு கஷ்டமா இருக்கா?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் வீட்டுப் பிள்ளை மறைக்காது.

போய்ச் சேர்ந்து கால் ஊன்றியதும் ஒரு காரியம் செய். வாடகை எவ்வளவு, எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் கேட்டார்கள், எந்தப் பாடத்தில் எப்படித் தடுமாறினாய் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி, நீ படித்த கல்லூரிக்கும் பள்ளிக்கும் அனுப்பு. அடுத்த வருஷம் கிளம்பக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது ஏஜென்டின் வண்ணப் புத்தகத்தைவிட உபயோகப்படும்.